பச்சையக்கா போட்ட லூப்

பச்சையக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தொலைத்தொடர்பு இலாகாவின் நாற்பத்துச் சொச்சம் நிலையங்களில் எதற்குப் போன் போட்டு அந்தப் பெயரைச் சொன்னாலும், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஓ, மேட்டு ஸ்டேஷன் பச்சையக்காவா?" என்பார்கள். உடம்பின் நிறத்துக்காகவோ உடுத்துகிற துணிக்காகவோ வந்த பெயர் இல்லை அது. இயந்திரங்களின் முகப்பில் வரிசையாக எரியும் பொட்டு விளக்குகள் அத்தனையும் பச்சையாக இருந்தால்தான் அக்காவுக்குத் தொண்டையில் தேநீர் இறங்கும். ஒன்று சிவந்துவிட்டால் போதும், வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று சேதி வந்ததுபோல் முகம் மாறிவிடும்.

மேட்டு ஸ்டேஷன் என்பது இரண்டே அறை. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய போன், ஒரு பதிவேடு, செருப்பைக் கழற்றி வைக்க ஒரு தகரத் தட்டு. உள்ளறையில் ஏசியின் உறுமலும் ஆறு ஆளுயர அலமாரிகளும். சாலைக்கு அடியில் புதைந்து வருகிற கண்ணாடி இழைகள் சுவர் ஓட்டை வழியாக உள்ளே ஏறி, மஞ்சள் வயர்களாகப் பிரிந்து அந்த அலமாரிகளுக்குள் நுழைகின்றன. சுற்றுவட்டாரத்து ஊர்களின் பேச்சு, படம், பணப் பரிமாற்றம், பரீட்சை முடிவு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் அந்த இழைகளுக்குள் ஒளியாக வந்து, இங்கே கொஞ்சம் பலம் கூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகின்றன. ஒளி என்றதும் யாரும் கவிதை எழுத உட்கார்ந்துவிட வேண்டாம். அது கண்ணுக்கே தெரியாத ஒளி. வயர் முனையைக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்தவனுக்குப் பார்வை போனாலும் போகும். இருபத்தாறு வருஷமாக அக்கா அதன் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்காமலே அதோடு குடித்தனம் நடத்திவிட்டார்.

அக்காவின் கணவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். காதுமடல் வரைக்கும் மாவு இருக்கும். அவர் நடந்த வழியைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அக்காவோ வயர் முனையில் ஒட்டிய தூசு ஒளியை மறைக்கும் என்று, ஒவ்வொரு முனையையும் துடைத்து, உருப்பெருக்கியில் பார்த்து, நம்பிக்கை வராமல் மறுபடியும் துடைத்துச் சொருகுகிறவர். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்த ஆள் யாரோ, நல்ல குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். இருந்தும் வீடு அமைதியாகத்தான் ஓடியது. அவர் உதறுவார், இவர் பெருக்குவார்.

இப்போது லூப் விஷயத்துக்கு வர வேண்டும். அது தெரியாமல் இந்தக் கதை நகராது.

அக்கா வேலைக்குச் சேர்ந்த காலத்து இயந்திரங்களுக்குப் பொறுமை கிடையாது. ஒரு போர்ட்டில், அதாவது வயர் சொருகுகிற வாசலில், எதிர்முனையிலிருந்து ஒளி வரவில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், கூடவே மணியும் அடிக்கும். யாருக்கும் இன்னும் கொடுக்காத, சும்மா கிடக்கிற போர்ட்டாக இருந்தாலும் அதே கூப்பாடுதான். பத்து போர்ட் சும்மா கிடந்தால் பத்து கூப்பாடு. அந்தச் சத்தத்துக்கு நடுவே உண்மையான கோளாறு வந்தால் எப்படித் தெரியும்? அதற்கு அந்தக் காலத்துக்காரர்கள் எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு சாண் வயரை எடுத்து, ஒரு முனையை ஒளி வெளியே போகிற துளையிலும் மறு முனையை ஒளி உள்ளே வருகிற துளையிலும் சொருகிவிடுவது. இயந்திரம் தான் அனுப்பியதையே தான் வாங்கிக்கொண்டு, யாரோ பேசுகிறார்கள் என்று நம்பி அடங்கிவிடும். சிவப்பு பச்சையாகும். இதற்குத்தான் லூப் என்று பெயர். இதை யாரும் உத்தரவு போட்டுச் செய்யச் சொன்னதில்லை, எந்தப் பதிவேட்டிலும் எழுதியதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதுபோல் கை தன் பாட்டுக்குச் செய்கிற காரியம். அக்கா தன் ஸ்டேஷனோடு நிற்கவில்லை. வேலையாக எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் கைப்பையில் குட்டி வயர்கள் போகும். சிவந்து கிடக்கிற சும்மா போர்ட்டைப் பார்த்தால், "ஐயோ பாவம்" என்று ஒன்றைச் சொருகிவிட்டுத்தான் வருவார்.

இந்தப் பச்சைகளை எல்லாம் தினமும் கேட்டு வாங்கிக்கொள்கிற ஆள் ஒருவர் இருந்தார். நாலு மணி நேரத் தூரத்தில், தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து எல்லா நிலையங்களையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவர். அக்காவுக்கு அவர் கன்ட்ரோல் தம்பி. பத்தொன்பது வருஷமாகக் காலை ஒன்பது மணிக்கு முன்னறை போன் அடிக்கும்.

"அக்கா, எப்படி இருக்கு?"

"எல்லாம் பச்சை தம்பி."

அவ்வளவில் முடிந்துவிட்டால் அது அலுவலகப் பேச்சு. முடியாது. ரொட்டிக்காரரின் முதுகுவலி, தம்பி வீட்டுக் குழாய்க் கசிவு, தம்பியின் மகள் கணக்குப் பாடத்தில் வாங்கிய மார்க், அக்காவின் பக்கத்து வீட்டு நாய் என்று பத்து நிமிடம் போகும். இத்தனைக்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒரு முறை தலைமை அலுவலகத்தில் பயிற்சி என்று அக்கா போனபோது தம்பி விடுப்பில் இருந்தார். இன்னொரு முறை அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. பார்க்காததை வைத்தே அக்கா வம்புக்கு இழுப்பார்.

"உக்காந்த இடத்துலேர்ந்தே ஊரையே ஆட்டி வைக்கிறீங்க. ஒரு நாளாவது எழுந்து வந்து என் ஸ்டேஷனைப் பாருங்களேன். காலுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தா ஒண்ணும் தேஞ்சிடாது."

"வரேன்க்கா, வரேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுவார்.

போன வருஷம் பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். புதுசு என்றாலே முகத்தைச் சுளிக்கிற ரகம் இல்லை அக்கா. முன்பு ஒரு இழையில் ஒரு ஒளிதான் போகும். இப்போது கண்ணுக்குத் தெரியாத நாற்பது நிறங்கள் ஒரே இழையில் ஒன்றையொன்று இடிக்காமல் போகின்றன, ஒவ்வொரு நிறமும் பழைய இயந்திரம் சுமந்ததைப்போல நாற்பது மடங்கு சுமக்கிறது என்று பொறியாளர் சொன்னபோது, அக்கா ரொட்டிக்காரரிடம் வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதன்மேல் ஈதர்நெட் வேறு. பழைய முறையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பாதை, அவர் போனாலும் போகாவிட்டாலும் அது அவருக்கே. ஈதர்நெட்டில் எல்லாருக்கும் ஒரே பெரிய சாலை. தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே விலாசம் எழுதி அனுப்புவார்கள். சந்திக்குச் சந்தி பெட்டி விலாசத்தைப் படித்துத் திருப்பிவிடும். விலாசம் புரியாத பொட்டலம் என்றால் எல்லா வாசலிலும் ஒவ்வொரு நகலைப் போட்டுவிடும், சேர வேண்டியவர் எடுத்துக்கொள்வார் என்று. நல்ல ஏற்பாடுதான்.

பெட்டியை வைத்துவிட்டுப் போன ஒப்பந்தக்காரர்கள், பயன்படாத போர்ட்டுகளை மூடாமல் திறந்தபடியே விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த நாள் காலையில் அக்கா கதவைத் திறந்தால் புத்தம்புதுப் பெட்டியில் ஆறு சிவப்பு. விடுவாரா? கைப்பையைத் திறந்தார். ஏழாம் போர்ட்டில் கடைசி வயரைச் சொருகியதும் பெட்டி முழுக்கப் பச்சை. அன்று ஒன்பது மணிக்கு அவர் சொன்ன "எல்லாம் பச்சை தம்பி"யில் பாட்டுப் பாடாத குறைதான்.

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் போர்ட்டுகளில் எந்தச் சர்வீஸும், அதாவது யாருக்கான இணைப்பும், இல்லை, அதனால் போகவும் வரவும் பொட்டலமும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, நூலகங்களை எல்லாம் இணைக்கிற ஒரு புது சர்வீஸை கன்ட்ரோல் தம்பி மேட்டு ஸ்டேஷனின் ஏழாம் போர்ட்டில் போட்டார். வயரை அடுத்த வாரம் கொண்டுவந்து சொருகுவார்கள், அதற்கு முன் கணினியில் தயார் செய்து வைப்பது வழக்கம். போட்ட மாத்திரத்தில் மூன்று ஊர் படுத்துவிட்டது.

ஒரு தெருவில் ஒருத்தி கிளப்பிவிட்ட வதந்தி நாலு வீடு சுற்றி அவள் காதுக்கே வந்து, "அட, அப்படியா" என்று அவளே நம்பி மறுபடியும் நாலு பேரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. ஏழாம் போர்ட் வழியாக வெளியே போன பொட்டலம் குட்டி வயரைச் சுற்றி உள்ளே வந்தது. பெட்டி அதைப் புதிதாக வந்த பொட்டலம் என்று நினைத்து எல்லா வாசலுக்கும் நகல் அனுப்பியது. மற்ற ஊர்ப் பெட்டிகள் அனுப்பிய ஒவ்வொன்றும் இதேபோல் இரட்டித்தது. ஒரு நிமிடத்துக்குள் பெரிய சாலை முழுக்கக் குப்பைப் பொட்டலம். போன் பேச்சு துண்டுதுண்டாக அறுந்தது. வங்கிகளில் திரை நின்றது. ரொட்டிக் கடையில் கார்டு இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்க, வரிசை வாசலைத் தாண்டியது.

"அக்கா... உங்க பெட்டி... இங்க திரையில தெரியவே இல்ல. போய்ப் பாருங்க" என்று போனில் தம்பியின் குரல் விட்டுவிட்டு வந்தது.

அக்கா உள்ளே ஓடினார். ஒரு சிவப்புக்கூட இல்லை. அத்தனை விளக்கும் பச்சை. ஆனால் அத்தனையும் வெறிபிடித்ததுபோல் துடித்துக்கொண்டிருந்தன. வயர்களைத் தொட்டுப் பார்த்தார், மின்சாரத்தைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போனது. அப்புறம்தான் ஏழாம் போர்ட்டும் துடிப்பது கண்ணில் பட்டது. சும்மா கிடக்கிற போர்ட்டுக்கு என்ன துடிப்பு? விரல் தானாகப் போய் வயரை உருவியது. பெட்டி மூச்சு விட்டதுபோல் விளக்குகள் சாவகாசமாயின.

முன்னறையில் போன் அடித்தது.

"வந்துடுச்சுக்கா. இந்தப் பக்கம் மெயின் பெட்டியில சர்வீஸை இப்பதான் அழிச்சேன். உடனே எல்லாம் சரியாயிடுச்சு. நான் போட்டதுதான் வினை" என்றார் தம்பி.

இரண்டு காரியமும் ஒரே நிமிடத்தில் நடந்திருந்தன. அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் தம்பியின் பின்னால் நாலைந்து பேர் கத்துகிற சத்தம், "யார் போட்டது, எப்ப போட்டது" என்று. தம்பி போனை வைத்துவிட்டார். உள்ளங்கையில் சுருண்டு கிடந்த வயரை அக்கா கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பெட்டி தன் நினைவில் எழுதி வைக்கிற குறிப்புகளையும் போய்ப் பார்த்தார். அதில் சில ஆயிரம் வரிக்குத்தான் இடம். கொந்தளிப்பு கக்கிய வரிகள் முந்தைய எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருந்தன. ஏழாம் போர்ட்டில் வயர் இருந்ததற்கு உலகத்தில் எந்தச் சாட்சியும் இல்லை.

அக்கா கெட்டவர் இல்லை. பயந்தவர். நாளைக்குச் சொல்லலாம் என்று புதன்கிழமை போனது. ஒன்பது மணிக்குத் தம்பி கூப்பிட்டார். பேச்சு பத்து நிமிடம் போகவில்லை.

வியாழக்கிழமை உதிரி சாமான்களைக் கொண்டுவந்த வண்டிக்காரர், தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்.

"கன்ட்ரோல் சாரைத் தூக்கப் போறாங்களாமே, கேள்விப்பட்டீங்களா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை தப்பான லைனை அணைச்சிட்டாருன்னு எச்சரிக்கை வாங்கியிருக்காரு. இன்னொண்ணு ஆனா சீட்டு மாறும்னு அப்பவே எழுத்துல இருக்கு. இப்ப அவரே, நான்தான் சர்வீஸைத் தப்பா சேர்த்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லா ஸ்டேஷனையும் போன்ல வெச்சு விசாரணை. ஃபீல்டுக்குத்தான் அனுப்புவாங்க. அந்தக் காலை வெச்சுக்கிட்டு டவர் டவரா எப்படி ஏறுவாரு, பாவம்."

"எந்தக் காலை?" என்றார் அக்கா.

வண்டிக்காரர் டம்ளரை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "என்னக்கா, இத்தனை வருஷம் பேசுறீங்க, உங்களுக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்தே இடது கால் வராது. ஊன்றுகோல்தான். லிஃப்ட் ரிப்பேர்னா அன்னைக்கு கீழ வராந்தாவுலயே மேசை போட்டு வேலை பாப்பாரு. தூக்கிட்டுப் போறோம்னு யார் சொன்னாலும் விடமாட்டாரு."

அவர் போன பிறகு அக்கா டம்ளர்களைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். காலுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால் தேய்ந்துவிடாது. எத்தனை முறை சொல்லியிருப்பார் அதை? வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஆயிரத்தைத் தொடும். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புதான் வந்திருக்கிறது. அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கே ரொட்டிக்காரருக்குக் கண் சொருகும். விடிவதற்குள் எழ வேண்டிய உடம்பு. அவரை உட்கார வைத்து, ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் கொட்டினார் அக்கா. கைப்பையைத் திறந்து வயரையும் மேசைமேல் வைத்தார். அவர் அதைத் தொடாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார்.

"இத்தனூண்டுதான்."

"நாங்க ஒரு மணி நேரம் ஜனங்ககிட்ட திட்டு வாங்கினது இதாலயா?"

"இதாலதான்."

ஒரு கொட்டாவி விட்டார் அவர். பிறகு, "நாளைக்குச் சொல்லப் போறியா, இல்ல என்னைத் தூங்க விடாம வாரா வாரம் இதைச் சொல்லிட்டே இருக்கப் போறியா?" என்று கேட்டார்.

"வேலை போயிடுச்சுன்னா?"

"எங்க கடையில மாவு சலிக்க ஆள் இல்ல. உன் சுத்தத்துக்கு நல்லா சலிப்ப" என்று எழுந்து படுக்கப் போனார். போகும்போது அக்காவின் தலையில் ஒரு முறை கையை வைத்துவிட்டுப் போனார். விடிந்து கண்ணாடி பார்த்தபோது வகிட்டில் மாவு இருந்தது. அக்கா அதைத் தட்டிவிடாமலே வேலைக்குக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எல்லா நிலையங்களும் ஒரே லைனில் இருந்தன. தலைமைப் பொறியாளர் இருமிவிட்டுத் தொடங்கினார். கன்ட்ரோல் தம்பி, தான் எழுதிக் கொடுத்த விளக்கத்தைத் தானே வாசித்தார். சர்வீஸைச் சேர்த்ததில் பிழை, கவனக்குறைவு, முழுப் பொறுப்பும் என்னுடையது. ஒரு மாதிரி தட்டையான குரலில், பழைய சட்டத்தைப் படிப்பதுபோல் வாசித்து முடித்தார்.

"யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கா?" என்றார் பொறியாளர். கேட்ட விதத்தில், இல்லை என்ற பதிலும் அதிலேயே இருந்தது.

"இருக்கு சார்" என்றார் அக்கா. "மேட்டு ஸ்டேஷன். கன்ட்ரோல்ல போட்டது சரியாத்தான் போட்டிருக்காங்க. ஏழாம் போர்ட்டுல லூப் இருந்துச்சு. நான் போட்டது. அலாரம் எரியுதேன்னு போட்டேன். செவ்வாய்க்கிழமை நான்தான் கழட்டினேன், கழட்டிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அது இன்னும் பெரிய தப்பு சார்."



"புது பெட்டியில லூப்பா?" என்றார் பொறியாளர் மெதுவாக. "அது ஈதர்நெட் பெட்டிம்மா."

"இப்ப புரியுது சார். அப்ப கைப் பழக்கத்துல செஞ்சுட்டேன்."

"வேற எங்கயாவது போட்டிருக்கீங்களா?"

அக்காவிடம் பதிவேடு இல்லை. தேவைப்படவும் இல்லை. மேட்டு ஸ்டேஷனில் இன்னும் ஐந்து, ஆற்றுப்பாலத்து ஸ்டேஷனில் நாலு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருப்பதில் மூன்று என்று அலமாரி எண், போர்ட் எண்ணோடு ஒன்பது நிலையங்களை ஒப்பித்தார். இருபத்து மூன்று லூப். அவர் முடித்ததும் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சார், ஆத்துப்பாலம். அக்கா போட்டது நாலு. அதுபோக நான் போட்டது ஒரு ரெண்டு இருக்கு."

"சார், இங்க ஒரு ஏழு இருக்கும்" என்றது வேறொரு குரல்.

"எங்களுது பதினொண்ணு சார். போன மாசம்தான் புதுசா வயர் வாங்கினோம்."

ஒவ்வொரு நிலையமாக வாயைத் திறந்தது. முன்வழுக்கை விழுந்த பழைய ஆட்கள் எல்லாம், ஜன்னல் கண்ணாடி உடைத்த பள்ளிக்கூடத்துப் பையன்கள்போல் ஒருவர்பின் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள். பொறியாளர் எழுதிக்கொண்டே வந்து, நூற்று நாற்பதைத் தாண்டியதும் பேனாவை வைத்துவிட்டார். அவரும் பழைய இயந்திரத்தில் கை வைத்து மேலே வந்தவர்தான்.

"ஆத்துப்பாலத்து ஸ்டேஷன்ல மேல் தட்டுல, வலது ஓரம், கடைசி போர்ட்டு. அங்கயும் ஒண்ணு இருக்கும் பாருங்க" என்றார் கடைசியில்.

"இருக்கு சார். யார் போட்டதுன்னு தெரியாம விட்டு வெச்சிருந்தோம்."

"நான் போட்டதுதான். கழட்டிடுங்க" என்றார். லைனில் யாரோ சிரித்தே விட்டார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் முடிவு வந்தது. ஒரு வாரத்தில் எல்லா லூப்பும் கழற்றப்பட வேண்டும். சும்மா கிடக்கிற போர்ட்டுகளைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து மூட வேண்டும். உண்மையை மூன்று நாள் மறைத்ததற்காக அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. கன்ட்ரோல் தம்பி தன் நாற்காலியிலேயே இருப்பார்.

முடிவைப் படித்துவிட்டு அக்கா இரண்டு முறை போனை எடுத்து, இரண்டு முறையும் வைத்தார். மூன்றாம் முறை எடுக்கப் போகையில் அதுவே அடித்தது.

"அக்கா."

"சொல்லுங்க தம்பி." அடுத்தது என்ன சொல்வது என்று தெரியவில்லை. முதலில் வாயில் வந்ததைச் சொன்னார். "உங்க காலைப் பத்தி எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா எழுந்து வாங்க, எழுந்து வாங்கன்னு என்னென்னமோ பேசியிருக்கேன்."

"அதுக்கென்னக்கா. என்னை எழுந்து வரச் சொன்ன ஒரே ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாம் உக்காருங்க, உக்காருங்கன்னுதான் சொல்லிட்டே இருப்பாங்க."

அக்கா மூக்கை உறிஞ்சினார். அப்போதுதான் காலையிலிருந்து மனதில் முள்ளாக இருந்ததைக் கேட்டார். "சரியா போட்டதைத் தப்பா போட்டேன்னு ஏன் எழுதிக் குடுத்தீங்க? ஏழாம் போர்ட்டுல என் வயர் இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"நீங்க போட்ட அன்னைக்கே. யாருக்குமே குடுக்காத போர்ட்டு உங்க ஸ்டேஷன்ல எரியுது. வேற யாரு வேலையா இருக்கும்? லூப்பைக் கண்டுபிடிச்சு அடைக்கிற வசதி மத்த ஊர் பெட்டி எல்லாத்துலயும் இருக்கு. உங்களுதுலயும் இருக்கும்னு பாக்காம சர்வீஸைப் போட்டுட்டேன். என் தப்பும் இருக்கு. ஆனா அதை எழுதினா வயரையும் எழுதணும்."

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று நாளாக அடக்கி வைத்த பயம், வெட்கம் எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டது.

"எட்டு மாசம். எட்டு மாசமா தினமும் பேசுறோம். அக்கா, அந்த வயரைக் கழட்டிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே கழட்டியிருப்பேனே. மூணு ஊரும் படுத்திருக்காது, உங்க சீட்டும் ஆடியிருக்காது. ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் போனை எடுப்பேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா எல்லாம் பச்சைன்னுவீங்க. எப்படிச் சொல்றது?"

"சொன்னா என்ன ஆயிருக்கும்? எனக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே."



"அதான்க்கா" என்றார் தம்பி. "அந்த ரெண்டு நாளும் காலைல நான் யார்கிட்ட பேசுறது?"

அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பக்கமும் பேச்சில்லை, அந்தப் பக்கமும் பேச்சில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.